நிபந்தனைக்கு மேலே விட்ட காலி வரி

போன மாதம் பெருங்களத்தூர் ஸ்டேஷன் பக்கம் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. நான் இருபத்து நாலு வருடம் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் பேசினார். தாம்பரம் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொல்லி அவர்களுக்கு விளம்பரம் தேடித்தர எனக்கு விருப்பமில்லை.

"வரதராஜன் சாருங்களா? சார், நம்ம ஹாஸ்பிடலுக்கு முப்பதாவது வருஷ மலர் போடறோம். நீங்கதானே சார் அந்த டேட்டாபேஸ் டூலை செலக்ட் பண்ணீங்க? அதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க சார். கொஞ்சம் பாசிட்டிவ்வா இருந்தா நல்லா இருக்கும்."

தலைப்பைக்கூட அவர்களே வைத்துவிட்டார்கள். 'ஒரே கருவி, ஒரே குடும்பம்.' எனக்குச் சுருக்கென்றது. அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு பெண்ணை, ஒன்பது வருடம் வேலை வாங்கிக்கொண்டு, 'கவனக்குறைவு' என்று ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து வாசலுக்கு அனுப்பினார்கள். அவள் பெயர் ஷமீமா. மலரில் அவள் பெயர் வராது என்று எனக்குத் தெரியும். ஆகவே முதல் பக்கத்தை முடிப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு மின்னஞ்சலும் காத்திருந்தது. இப்போது இன்னொரு புது டூல் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம். செயற்கை நுண்ணறிவு உள்ளே உட்கார்ந்து கட்டளைகளைத் தானே எழுதித் தருமாம். 'சீனியர் என்ற முறையில் உங்கள் கருத்து தேவை' என்று ஒரு மதிப்பீட்டுப் படிவத்தை இணைத்திருந்தார்கள். திறந்தேன். முப்பத்தோரு வரிகள். ஐந்து வருடத்துக்கு முன் நான் தயாரித்த அதே படிவம். மேலே டூல்களின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பதினான்காவது வரியில் நான் செய்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருக்கிறது. இத்தனை நடந்த பிறகும் அந்தப் படிவத்தில் ஒரு வரியைக் கூட்டவோ குறைக்கவோ ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று இரண்டு வேளை எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, எழுதுகிறேன். கேட்ட விஷயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பாசிட்டிவ்வாக இருக்குமா என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கறுப்புத் திரை, பச்சை எழுத்து. முதல் நான்கு வருடம் நோயாளிகளின் பெயரையும் வயதையும் தட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு தேவகி மேடம் என்னைத் தன் பிரிவுக்கு மாற்றிக்கொண்டார். நோயாளிகளின் விவரங்கள் சேர்ந்து கிடக்கும் தரவுத்தளத்தைப் பராமரிப்பது எங்கள் வேலை. யாருக்கு என்ன ரத்த வகை, யாருக்கு எந்த மருந்து ஆகாது, எல்லாம் அதில்தான் இருக்கும். வார்டில் நர்ஸ் திரையைத் தட்டினால் தெரிவது எங்கள் அறையிலிருந்து போனது.

அதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டுமானால் கணினிக்கு ஒரு கட்டளை எழுத வேண்டும். கட்டளைக்கு இரண்டு பாகம். எதை மாற்ற வேண்டும் என்பது முதல் பாகம். யாருக்கு மட்டும் மாற்ற வேண்டும் என்ற நிபந்தனை இரண்டாவது பாகம். இரண்டாவது பாகம் விட்டுப்போனால் கணினி முகம் சுளிக்காது, எதிர்க்கேள்வி கேட்காது. எல்லாருக்கும் மாற்றிவிடும். எங்கள் தொழிலில் உள்ள பெரிய பயம் இதுதான். இந்தப் பயத்துக்குத் தேவகி மேடம் ஒரு முறை வைத்திருந்தார்.

முதல் பாகத்தை எழுதி முடித்ததும் ஒரு வரியைக் காலியாக விட வேண்டும். அதற்குக் கீழே நிபந்தனை மட்டும் தனியாக நிற்க வேண்டும். கூட்டத்தோடு நின்றால் கண் தாண்டிப் போய்விடும், தனியாக நின்றால் தாண்டாது என்பார். பிறகு அந்த நிபந்தனை வரிக்குக் கீழே திரையில் ஓர் எஃகு அடிஸ்கேலை வைத்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேட்டவர், "எத்தனை?" என்று கேட்பார். எத்தனை பேருடைய விவரம் மாறும் என்று எழுதியவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பொத்தான். கணினி காட்டும் எண்ணும் நாம் சொன்ன எண்ணும் ஒன்றாக இருந்தால் கமிட், அதாவது மாற்றம் நிலைத்துவிடும். வேறாக இருந்தால் ரோல்பேக், பழையபடி திரும்பிவிடும்.

மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது எண்ணைச் சொல்லாமல் பொத்தானை அழுத்தினால், "எழுந்திரு. போய்த் தண்ணி குடிச்சிட்டு வா," என்பார். அவ்வளவுதான். ஐம்பது வயது ஆளாக இருந்தாலும் எழுந்து வராந்தா வரை நடந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். வழியில் பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும், இவன் எண் சொல்லாமல் அழுத்தியிருக்கிறான் என்று. நான் மூன்று தடவை குடித்திருக்கிறேன்.

அவர் ஓய்வு பெறும் வருடத்தில்தான் ஷமீமா சேர்ந்தாள். பல்லாவரத்துப் பெண். அவள் அப்பா தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிப்பார்கள். மேடத்தின் முறையை எங்கள் எல்லாரையும்விட அவள்தான் சுத்தமாகப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவள் வராந்தாவுக்குப் போகவில்லை. மேடம் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டோடு போனபோது ஸ்கேலை என்னிடம் கொடுத்தார். நான் அதை ஷமீமாவின் மேஜையில் வைத்தேன். அவளுக்குத்தான் அது பொருத்தம் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தது.

இனி டூல் கதை. தரவுத்தளத்துக்குள் போய் வர ஒரு மென்பொருள் வேண்டும். நாங்கள் வைத்திருந்தது விண்டோஸில் மட்டும் ஓடும். சர்வர்கள் லினக்ஸுக்கு மாறின. மூன்றாவது மாடியில் ஆராய்ச்சிப் பிரிவு என்று திறந்து மேக் கணினிகளாக வாங்கி வைத்தார்கள். மூன்று இடத்தில் மூன்று டூல் என்றாகிவிட்டது. ஒன்றில் தேதி முன்னால் வரும், ஒன்றில் மாதம் முன்னால் வரும். ஒன்றில் சேமித்த கட்டளையை இன்னொன்று திறக்காது. அவதிதான். மூன்றிலும் ஓடுகிற ஒரே டூல் வேண்டும் என்று நிர்வாகம் சொன்னதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நியாயத்தைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

தேர்வுக் குழுவுக்குத் தலைவர் ரகுநந்தன். ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்றிலிருந்து எங்களுக்குத் தகவல் தொழில்நுட்பத் தலைவராக வந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அதில் தப்பொன்றும் இல்லை. தான் தேர்ந்தெடுத்த டூலை அவர் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. தப்பு அதில் இருக்கிறது. நான்கு டூல்களை மூன்று வாரம் ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போட என்னைப் பணித்தார்.

"சார், சிம்பிளா ஒரு ஷீட் போடுங்க. ஃபீச்சர் உண்டா, இல்லையா. எஸ் ஆர் நோ. டைரக்டர்ஸுக்கு டைம் இல்ல."

அப்படிப் பிறந்ததுதான் அந்த முப்பத்தோரு வரி. விண்டோஸில் ஓடுமா? ஆம். மேக்கில் ஓடுமா? ஆம். கறுப்புப் பின்னணி உண்டா? ஆம். கறுப்புப் பின்னணிக்குக் குழுவில் இருபது நிமிடம் பேசினார்கள் என்றால் நம்புவீர்களா? பத்தொன்பதாவது வரி, 'மாற்றத்தை உறுதி செய்யும் முன் நிறுத்திவைக்கும் வசதி உண்டா?' இரண்டாவது டூலுக்கு நேரே நான் 'ஆம்' என்று போட்டேன். பொய் இல்லை. வண்டியில் பிரேக் உண்டு. ஆனால் வாங்குகிறவன்தான் அதை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த டூலைப் புதிதாக நிறுவினால் 'ஆட்டோ கமிட்' என்ற நிலையில்தான் திறக்கும். பொத்தானை அழுத்திய கணமே மாற்றம் நிலைத்துவிடும், அப்புறம் ரோல்பேக் என்று எத்தனை தடவை தட்டினாலும் பயன் இல்லை. அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்தால்தான் மேடத்தின் முறைப்படி வேலை செய்ய முடியும். அந்த அமைப்பும் அந்தக் கணினியோடு சரி. அடுத்த கணினியில் மறுபடி அணைக்க வேண்டும்.

இதை நான் இரண்டாம் நாளே கண்டுபிடித்தேன். நான்காம் நாள் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். ஒரே ஒரு நோயாளியின் விவரத்தைப் பார்க்க, வழக்கம் போலக் காலி வரி விட்டு நிபந்தனை எழுதி ஓட்டினேன். நல்ல வேளை, வெறும் பார்வைதான், திருத்தம் இல்லை. மருத்துவமனை முழுவதும் திரையில் வந்து கொட்டியது. உட்கார்ந்து பார்த்தால், அந்த டூல் காலி வரியைக் கட்டளையின் முடிவு என்று எடுத்துக்கொள்கிறது. மேலே இருப்பதை மட்டும் ஓட்டிவிட்டு, கீழே தனியாக நிற்கும் நிபந்தனையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. எந்தக் காலி வரி எங்களை இருபது வருடம் காப்பாற்றியதோ அதுவே எங்களைக் கவிழ்க்கும் இடமாக இருந்தது. அதற்கும் அமைப்புகளில் ஒரு குறி இருந்தது. எடுத்துவிட்டேன். பத்து நிமிட வேலை.

ஆட்டோ கமிட் பற்றி ரகுநந்தனுக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக அணைக்க வேண்டும், நிறுவும்போதே அணைத்துவிட வேண்டும் என்று தெளிவாக எழுதினேன். ஒரு சொல் பதில் வந்தது. "நோட்டட்." அந்தச் சொல்லின் மீது எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. பார்த்தேன் என்றும் பொருள் வரும், செய்யமாட்டேன் என்றும் பொருள் வரும். நாளைக்கு ஏதாவது ஆனால் தப்பித்துக்கொள்ளவும் வழி இருக்கும்.

காலி வரியைப் பற்றி நான் எழுதவில்லை. அதற்கு முந்தின வாரக் கூட்டத்தில் எங்கள் முறையை நான் விளக்கியபோது ரகுநந்தன் சிரித்தார். "என்ன சார், இன்னும் ஸ்கேல் வெச்சு கோடு போட்டுட்டு இருக்கீங்களா? இது என்ன டிராயிங் கிளாஸா?" சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். இப்போது போய், எங்கள் காலி வரிப் பழக்கத்துக்கு இந்த டூல் ஒத்துவராது என்று எழுதினால் டூலையா மாற்றுவார்கள்? பழக்கத்தை விடு என்பார்கள், இன்னொரு சுற்று சிரிப்பார்கள். சின்ன விஷயம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது டூலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் அறையில் இருந்த ஆறு கணினிகளிலும் நானே நிறுவி, ஆட்டோ கமிட்டையும் அணைத்து, காலி வரிக் குறியையும் எடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருடம் அந்த ஆறு கணினிகளிலும் ஸ்கேலும் காலி வரியும் எந்தப் பிசகும் இல்லாமல் ஓடின.

பிறகு ஷமீமாவை மூன்றாவது மாடிக்கு மாற்றினார்கள். புது மேக் கணினி. டூலை விற்ற நிறுவனத்து ஆள் வந்து நிறுவிவிட்டுப் போனார். அதே டூல், அதே பொத்தான்கள், அதே கறுப்புப் பின்னணி. 'எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி' என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தது. அவளும் அப்படித்தான் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு என்ன காரணம் இருந்தது?

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். என் மேஜை இன்டர்காம் அடித்தது.

"சார், ஷமீமா பேசறேன். ஒரு அலர்ஜி கரெக்‌ஷன். ஒரு பேஷண்டுக்கு பென்சிலின் ஆகாதுன்னு தப்பா ஏறியிருக்கு, எடுக்கச் சொல்லி டாக்டர் கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கார். மேல பக்கத்துல யாரும் இல்ல. உங்ககிட்ட படிச்சுக் காட்டவா?"

"படிம்மா."

படித்தாள். ஒவ்வாமை என்ற இடத்தில் 'இல்லை' என்று மாற்ற வேண்டும். காலி வரி. நிபந்தனை, நோயாளி எண் இன்னது. எண்ணை இலக்கம் இலக்கமாக நிறுத்திச் சொன்னாள். ஸ்கேல் திரையில் உரசும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

"எத்தனை?"

"ஒண்ணு சார்."

"போடு," என்றேன்.

பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்டது.

"சார்."

"என்னம்மா?"

"எண் பெருசா வருது சார். ஆறு இலக்கம்."

"ரோல்பேக் போடு."

"போட்டேன் சார். சக்சஸ்னு காட்டுது."

"யாராவது ஒருத்தரைத் திறந்து பாரு."

"'இல்லை'ன்னு இருக்கு." இன்னொருவரைத் திறந்தாள். "இவருக்கும் 'இல்லை' சார்." மூன்றாவது ஆளைத் திறக்கும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. "எல்லாருக்கும் 'இல்லை'ன்னு ஆயிடுச்சு சார்."

ரத்த வகை மாறியிருந்தால் யாராவது பார்த்ததும் திகைத்திருப்பார்கள். 'ஒவ்வாமை: இல்லை' என்றால் ஒருவரும் திகைக்கமாட்டார்கள். பெரும்பாலான நோயாளிகளுக்கு அப்படித்தானே இருக்கும். இன்டர்காமைக் கீழே வைப்பதற்குள் வெளித் தொலைபேசி அடித்தது. அவசரப் பிரிவிலிருந்து மேரி சிஸ்டர். பள்ளிக்கரணையிலிருந்து காலில் ஆழமான வெட்டோடு ஒரு பெரியவர் வந்திருந்தார். ஊசி போடப் போன இடத்தில் அவருடைய மகள் தடுத்துவிட்டாராம். அந்த அம்மாளின் குரல் சிஸ்டரின் குரலைத் தாண்டி என் காதில் விழுந்தது.

"இன்னாம்மா நீ, கம்பூட்டர்ல இல்லன்னு கீதுன்ற? போன தபா இதே ஊசிய போட்டு எங்கப்பா மூஞ்சியெல்லாம் வீங்கி மூச்சு வுட முடியாம கெடந்தாரு! பக்கத்துல நின்னுகினு இருந்தது நானு. உன் கம்பூட்டரா நின்னுச்சு?"

"சார், ஸ்க்ரீன்ல 'இல்லை'ன்னுதான் இருக்கு. அந்தப் பொண்ணு இவ்ளோ உறுதியா சொல்லுது. நான் எதை நம்பறது?" என்றார் சிஸ்டர்.

"பொண்ணை நம்புங்க," என்றேன்.

அடுத்த நாலரை மணி நேரத்தை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். முதல் வேலை, எல்லா வார்டுக்கும் சொல்வது. தொலைபேசியில் பாதி வார்டு எடுக்கவில்லை. ஷமீமா படிக்கட்டில் இறங்கி ஓடினாள். மாடி மாடியாக ஒவ்வொரு நர்ஸிடமும் போய், "ஸ்க்ரீன்ல இருக்கறதை நம்பாதீங்க, வாய் விட்டுக் கேளுங்க, தப்பு என் கையாலதான் நடந்துச்சு," என்று சொல்லிக்கொண்டே போனாள். தன் பேரைச் சேர்க்காமலே அவள் சொல்லியிருக்கலாம். யாரும் அவளைக் கேட்கவில்லை.

காலை ஆறு மணிக்கு எடுத்த நகல் இருந்தது. அதை வேறொரு சர்வரில் இறக்கி, ஒவ்வாமை விவரத்தை மட்டும் எடுத்துப் பழைய இடத்தில் சேர்த்தோம். ஆறு மணிக்குப் பிறகு சேர்ந்த புது நோயாளிகள் அந்த நகலில் இல்லை. அவர்களுடைய காகிதச் சீட்டுகளை வார்டு வார்டாகச் சேகரித்து வந்து, கீழே எங்கள் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினோம். அவள் சீட்டைப் படிப்பாள், நான் எழுதுவேன், காலி வரி விடுவேன், நிபந்தனையைப் படிப்பேன். "எத்தனை?" என்பாள். "ஒண்ணு," என்பேன். மூன்றரை மணிக்கு முடிந்தது. ஒரு நோயாளிக்கும் தீங்கு வரவில்லை. எல்லாம் முடிந்ததும் தன் பழைய கணினியின் முன்னால் போய் உட்கார்ந்து எதையோ திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "வரேன் சார்," என்று கிளம்பினாள்.

வியாழக்கிழமை விசாரணை. நீள மேஜை, குளிர்சாதனம், பிஸ்கட் தட்டு. ரகுநந்தன், மருத்துவக் கண்காணிப்பாளர், மனிதவளத் துறை அதிகாரி. டூல் விற்ற நிறுவனத்துக்காரர் திரையில் வந்து, "காலி வரி பற்றி எங்கள் கையேட்டில் இருக்கிறது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எத்தனையாவது பக்கத்தில் என்று யாரும் கேட்கவில்லை. அன்று முழுக்க அந்த அறையில் புழங்கிய சொல் 'ஹ்யூமன் எரர்.' மனிதத் தவறாம். தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவர்களும் மனிதர்கள்தானே? 'நோட்டட்' என்று எழுதியது எந்த இயந்திரம்?

"எதுக்கும்மா நடுவுல ஒரு வரி காலியா விட்டீங்க?" என்று கேட்டார் மனிதவளத் துறை அதிகாரி.

"அப்படித்தான் சார் எங்களுக்குப் பழக்கம்."

"யார் பழக்கினது?"

அவள் தேவகி மேடத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். 'வரதராஜன் சார்கிட்ட படிச்சுக் காட்டினேன், அவர்தான் போடுன்னு சொன்னார்' என்றுகூடச் சொல்லியிருக்கலாம், அது சத்தியம். மேஜையில் தன் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நான் ஆட்டோ கமிட் மின்னஞ்சலை அச்செடுத்து வந்திருந்தேன். வீரமாக மேஜையில் வைத்தேன். ரகுநந்தன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"இது ஆட்டோ கமிட் சார். இன்சிடெண்டுக்கு ரூட் காஸ் காலி வரி. நீங்கதான் மூணு வாரம் எவால்யுவேட் பண்ணீங்க. அப்போ இந்தக் காலி வரி பிரச்சினையை நீங்க பார்த்தீங்களா?"

எனக்கு ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருந்தது. பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி, ஏன் எழுதவில்லை. அதற்கு அடுத்தது, அப்படியானால் தவறு யாருடையது.

"நினைவில்லை," என்றேன்.

அந்த மூன்று தடவை தவிர இத்தனை வருடமும் எண் சொல்லாமல் பொத்தானை அழுத்தாதவன், அன்று ஒரு சொல்லை இப்படிக் கூசாமல் அழுத்தினேன். என்னை எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கச் சொல்ல அந்த அறையில் மேடம் இல்லை.

அந்த மாதக் கடைசியில் ஷமீமாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள், 'கவனக்குறைவால் நோயாளிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்தவர்' என்று. அந்தக் கடிதத்தோடு வேறெந்த மருத்துவமனை அவளைச் சேர்க்கும்? மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்தாள், மூன்று இடத்திலும் முந்தின வேலை பற்றி விசாரித்தார்கள், அத்தோடு முடிந்தது. கவனக்குறைவு! ஒவ்வொரு இலக்கமாக நிறுத்திப் படித்துக் காட்டிய பெண்ணுக்கு அந்தப் பட்டம். டூலைத் திறக்காமலே தேர்ந்தெடுத்தவருக்குப் பதவி உயர்வு. பதினான்கு மாதம் கழித்து எனக்குப் பொன்னாடை. 'அப்பழுக்கில்லாத சேவை' என்று ரகுநந்தன் மைக்கில் சொன்னபோது கீழே கைதட்டினார்கள். நானும் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

ஷமீமா இப்போது பல்லாவரத்தில் ஓர் இ-சேவை மையத்தில் இருக்கிறாள். போன வருடம் ஒரு சான்றிதழுக்காகப் போனேன். வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் திரையில் இருக்கும் தங்கள் பெயரை வாய்விட்டுப் படிக்க வைத்துவிட்டுத்தான் அனுப்பும் பொத்தானைத் தொட்டாள். வரிசை முணுமுணுத்தது. அவள் கவலைப்படவில்லை. எனக்கு டீ வரவழைத்தாள், வீட்டில் எல்லாரையும் விசாரித்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மருத்துவமனைக்கு இரண்டு பதில் அனுப்பப் போகிறேன். ஒன்று, படிவம். முப்பத்திரண்டாவது வரி ஒன்று சேர்த்திருக்கிறேன். 'இந்த டூலைப் புதிதாக நிறுவி, ஒன்றையும் மாற்றாமல், உங்கள் ஆட்கள் வழக்கமாக எழுதும் விதத்திலேயே ஒரு திருத்தக் கட்டளையை ஓட்டினால் என்ன நடக்கிறது? தேர்வுக் குழுத் தலைவர் தன் கையால் ஓட்டிப் பார்த்து எழுதவும்.' ஆம், இல்லை என்று அதற்குப் பதில் எழுத முடியாது. இரண்டாவது, இந்தக் கட்டுரை. அச்சிட்டால் அச்சிடட்டும், இல்லையென்றால் வேறு இடத்தில் அச்சிட எனக்குத் தெரியும். அந்த விசாரணைக் கோப்பில் என் பதிலைத் திருத்தச் சொல்லித் தனியாக ஒரு கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன். நினைவில்லை என்று சொன்னவனுக்கு நினைவு இருந்தது. இரண்டாவது டூலைச் சோதித்த நான்காம் நாளே பார்த்தேன், ஆறு கணினிகளில் சரி செய்தேன், ஏழாவதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒருவருடைய பெயரை அவரைக் கேட்காமல் எழுதக்கூடாது. நேற்று மத்தியானம் ஷமீமாவைக் கைப்பேசியில் அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"படிச்சுக் காட்டுங்க சார்," என்றாள்.

முதல் வரியிலிருந்து இதுவரை எழுதியதை முழுவதும் படித்தேன். 'நினைவில்லை' என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி படித்தேன். பின்னால் மையத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்குத் தெரியும் சார்," என்றாள் கடைசியில். "அன்னைக்கு சாயங்காலம் கீழ என் பழைய மெஷின்ல செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். அந்தக் குறியை எடுத்து வெச்சிருந்துச்சு. அந்த ரூம்ல டூல் போட்டது நீங்க ஒருத்தர்தானே."

"அப்புறம் ஏன்மா விசாரணையில சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு உங்களையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன் சார்."

யாரோ அவளிடம் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார்கள், முடியும்வரை கேட்டுவிட்டு என்னிடம் திரும்பி வந்தாள்.

"என் பேர் இருக்கட்டும் சார்," என்றாள். "போடுங்க."